துறைக் கணினிகளைப் பராமரிப்பது எப்படி: பல்கலைக்கழக வன்பொருள் பணிக்கு வருபவருக்கு

பல்கலைக்கழகத் துறையொன்றில் கணினி வன்பொருள் பணிக்குச் சேர்பவர், முதல் வாரத்தில் எந்தக் கணினியையும் திறக்காமல் இருப்பது நல்லது. திருப்புளிக்கு முன்பாகக் கையில் எடுக்க வேண்டியது இருப்புப் பதிவேடு. வாங்கிய நாள், விலை, விலைப்பட்டியல் எண், எந்தத் திட்ட நிதியிலிருந்து வாங்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் அந்தக் கணினி இப்போது எந்த அறையில் நிற்கிறது, அதற்குள் எந்த வகை ரேம் இருக்கிறது, உத்தரவாதம் எப்போது முடிகிறது என்பவை பெரும்பாலும் இருக்காது. ஆகவே ஒரு நோட்டையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக நடந்து, உங்களுக்கென்று ஒரு பட்டியலைத் தயாரித்துக்கொள்ளுங்கள். அறை எண், இருப்பு எண், பெட்டியின் பின்புறம் ஒட்டியிருக்கும் வரிசை எண், செயலி, ரேமின் வகையும் அளவும், வட்டின் வகை (சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சில்லுகளால் ஆன எஸ்எஸ்டியா என்று), உத்தரவாதம் முடியும் நாள், பயன்படுத்துபவர் ஆகிய எட்டு விவரங்கள் போதும். வரிசை எண் ஒட்டுத்தாளைப் படம் பிடித்துவைப்பது பின்னால் பெரிய உதவியாக இருக்கும். சேவை மையத்துடன் தொலைபேசியில் பேசிக்கொண்டே மேசைக்கு அடியில் தலைகீழாகக் குனிந்து அந்த எண்ணைப் படித்துச் சொன்னவருக்கு இதன் அருமை தெரியும்.

அப்படி நடந்து முடிக்கும்போது துறையின் கணினிகள் மூன்று வகையாகப் பிரிவது புலப்படும். ஆய்வகத்தில் வரிசையாக இருப்பவை ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்று நின்றுபோனால் மாணவர் பக்கத்து இருக்கைக்கு மாறிக்கொள்வார். அலுவலகத்திலும் ஆசிரியர் அறைகளிலும் ஆய்வு மாணவர் அறைகளிலும் இருப்பவை சாதாரணக் கணினிகள்தான், ஆனால் அவற்றின் உள்ளே இருக்கும் கோப்புகள் சாதாரணமானவை அல்ல. மூன்றாவது வகை, நிறமாலைமானி போன்ற ஆய்வுக் கருவிகளோடு பிணைந்து நிற்கும் பழைய கணினிகள். அவற்றுக்கு மாற்று கடையில் கிடைக்காது. ஒரே காலையில் ஐந்து அழைப்புகள் வந்தால், எது போனால் திரும்ப வராதோ அதை முதலில் பார்க்க வேண்டும். துறைத்தலைவரின் அச்சுப்பொறியில் தாள் சிக்கியிருப்பதைவிட, ஆய்வு மாணவர் ஒருவரின் வட்டு ‘டக் டக்’ என்று ஒலி எழுப்புவது அவசரமானது. இதைத் துறைத்தலைவரிடமே பணிவாகச் சொல்லிப் புரியவைக்கும் பழக்கமும் இந்தப் பணியில் சேர்ந்தே வரும்.

முதலில் சுவரைப் பாருங்கள்

நம் பக்கத்துக் கணினிக் கோளாறுகளில் கணிசமானவை கணினிக்குள் தொடங்குவதில்லை, சுவரில் தொடங்குகின்றன. நல்ல மல்டிமீட்டர் ஒன்றைத் துறைச் செலவில் வாங்கச் சொல்லுங்கள். கிடைக்கவில்லையென்றால் சொந்தப் பணத்திலாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மின்செருகித் துளையிலும் மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ அதே அளவும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 அல்லது 3 வோல்ட்டுக்கு மிகாமலும் இருந்தால் நிம்மதியாக அடுத்த மேசைக்குப் போகலாம். மூன்றாவது அளவு அதைத் தாண்டி ஏறினால் எர்த் இணைப்போ நியூட்ரலோ எங்கோ தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

“சார், சிபியூவைத் தொட்டா சுருக்குங்குது” என்று மாணவர்கள் சொல்வதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸின் (கணினிக்குள் இருக்கும் மின்வழங்கிப் பெட்டியின்) நுழைவாயிலில் ஃபேசிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகப் பெட்டிக்கு இரண்டு சிறிய மின்தேக்கிகள் இணைக்கப்பட்டிருக்கும். மின் இரைச்சலை எர்த்துக்கு வடித்துவிடுவது அவற்றின் வேலை. எர்த் இல்லாதபோது வடிய வழியில்லாமல், பெட்டியில் மின்வழங்கலின் பாதி அளவுக்கு, அதாவது 110 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம் தேங்கி நிற்கும். டெஸ்டரை வைத்தால் விளக்கு எரியும். அந்தச் சுருக்கில் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியதுதான். ஆனால் எர்த் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி, நாளைக்கு உண்மையான கசிவு ஏற்பட்டால் காப்பதற்கு எதுவும் இருக்காது. கோடையில் எர்த் குழி வறண்டு மின்தடை ஏறுவதால், மார்ச் மாதம் வரை இல்லாத இந்தப் புகார் ஏப்ரலில் வரத் தொடங்கும். குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வதும், பல்கலைக்கழகப் பொறியியல் பிரிவுக்கு எழுத்து மூலம் கோரிக்கை அனுப்பிப் பிரதி வைத்துக்கொள்வதும் உங்கள் வேலையின் பகுதிதான். மூன்று முனைச் செருகியின் எர்த் முனையை வெட்டி இரண்டு துளையில் செருகுவதை எங்கு கண்டாலும் அன்றே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது யூபிஎஸ். 60 கணினிகள் உள்ள ஆய்வகத்துக்கு 10 கேவிஏ யூபிஎஸ் போதுமா என்று கேட்பவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். எல்இடி திரையோடு சேர்த்து ஒரு மேசைக் கணினி சுமார் 100 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 60 கணினிகளுக்கு 6 கிலோவாட் ஆகிறது. திறன் காரணி (கேவிஏவில் எவ்வளவு பங்கு கிலோவாட்டாகக் கிடைக்கும் என்பது) 0.8 உள்ள 10 கேவிஏ யூபிஎஸ் 8 கிலோவாட் தரும். ஆகவே சுமைக்குப் போதும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பது வேறு கேள்வி. 12 வோல்ட், 42 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரிகள் 16 தொடராக இணைக்கப்பட்டிருந்தால் மொத்தம் 192 வோல்ட்; பெருக்கிப் பார்த்தால் 8064 வாட்-மணி. காகிதத்தில் இது 80 நிமிடம். ஆனால் ஈய-அமிலப் பேட்டரியை இவ்வளவு வேகமாக உறிஞ்சும்போது அதன் முழுக் கொள்ளளவும் கிடைப்பதில்லை, யூபிஎஸ்ஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். பேட்டரிகள் புதிதாக இருக்கும்போதே ஏறத்தாழ 40 நிமிடத்தை எதிர்பார்ப்பதுதான் நியாயம். விற்பவர் ஒரு மணி நேரம் என்று சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பேட்டரி அறையில் காற்றோட்டமும் குளிர்ச்சியும் இல்லையென்றால் செலவு இரட்டிப்பாகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரி கூடுதலுக்கும் இவ்வகைப் பேட்டரியின் ஆயுள் பாதியாகக் குறைகிறது. மாடிப்படிக்கு அடியில் கதவடைத்த அறையில் பேட்டரிகளை அடுக்கியிருக்கும் துறைகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப் பேட்டரிக்குக் கோப்பு எழுதுவது இதனால்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வகுப்பில்லாத நேரத்தில், கணினிகள் ஓடிக்கொண்டிருக்க மின்வழங்கலை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஒவ்வொரு பேட்டரியின் அழுத்தத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவை 12 வோல்ட்டை ஒட்டி நிற்கும்போது ஒன்று மட்டும் 10.5-க்குச் சரிந்தால், முழு வரிசையையும் கீழே இழுப்பது அதுதான். சங்கிலியின் வலு அதன் பலவீனமான கண்ணியில் என்பது பேட்டரி வரிசைக்கு அப்படியே பொருந்தும். இந்த அளவை எடுக்கும்போது மோதிரம், கைக்கடிகாரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, காய்ந்த செருப்பு அணிந்து, ஒரு கையால் மட்டும் வேலை செய்ய வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். 192 வோல்ட் நேர்மின்னோட்டம் பிடித்தால் விடாது.

லேசர் அச்சுப்பொறியை ஒருபோதும் யூபிஎஸ் இணைப்பில் செருக அனுமதிக்காதீர்கள். அதன் சூடேற்றும் உருளை விழித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் இழுக்கும் மின்சுமை, அத்தனை கணினிகளையும் அணைத்துவிடக் கூடும். தேநீர்க் கெட்டிலுக்கும் இதே சட்டம்தான். கெட்டில் யாருடையது என்பது மட்டும் எந்தத் துறையிலும் எவருக்கும் தெரியாது.

உயிர் வராத கணினி

“சிஸ்டம் ஆன் ஆகலை” என்ற ஒரே வாக்கியத்துக்குள் நான்கு வெவ்வேறு நிலைகள் ஒளிந்திருக்கும். விளக்கே எரியவில்லையா, விளக்கு எரிந்து விசிறி சுற்றவில்லையா, விசிறி சுற்றியும் திரை இருட்டாக இருக்கிறதா, திரையில் நிறுவனத்தின் சின்னம் வந்த பிறகு நிற்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் நீங்கள் அங்கே நடந்துபோய்ச் சேரும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும். விளக்கே எரியாதபோது பெரும்பாலும் பவர் கார்டு தளர்ந்திருக்கும் அல்லது யாரோ எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கப் பொத்தானை அணைத்திருப்பார்கள். கார்டை வேறொரு கணினியின் கார்டோடு மாற்றிப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். இந்த ‘மாற்றிப் பார்த்தல்’தான் ஆய்வகத்தில் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய வசதி: பக்கத்திலேயே அச்சு அசலான நல்ல கணினி இருக்கிறது. ஆனால் சந்தேகத்துக்குரிய பாகத்தை நல்ல கணினிக்கு எடுத்துச் செல்லாமல், நல்ல பாகத்தைக் கோளாறான கணினிக்குக் கொண்டுவர வேண்டும். அதுவும் எஸ்எம்பிஎஸ்ஸின் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அளந்து தெரிந்துகொண்ட பிறகே. ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிக் கணினி ஓடிவிட்டால், எது கெட்டது என்று கடைசிவரை தெரியாது, நல்ல பாகம் ஒன்று கெட்டவற்றின் பெட்டியில் போய்ச் சேரும்.

விசிறி சுற்றித் திரை இருட்டாக இருப்பதுதான் அடிக்கடி வரும் புகார், அதில் முதல் சந்தேகம் ரேம் மீது. இதற்கான முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் புதியவர்கள் மதர்போர்டை, அதாவது எல்லாப் பாகங்களும் பொருந்தும் தாய்ப்பலகையை, எரிக்கிறார்கள். கணினியை அணைத்தால் மட்டும் போதாது. பவர் கார்டு செருகியிருக்கும் வரை மதர்போர்டில் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ரேமைப் பிடுங்கினால் ரேமோ பலகையோ போய்விடும். கார்டைக் கழற்றி, முகப்பிலுள்ள பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்னூட்டத்தை வடித்துவிடுங்கள். பிறகு பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைக் கையால் தொடுங்கள். நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் சுமார் 3000 வோல்ட்டுக்கு ஏறிய பிறகுதான் நமக்குச் சுருக்கென்று தெரியும். சில்லுகளைக் கெடுப்பதற்குச் சில நூறு வோல்ட்டே போதும், அதாவது நாம் உணராமலேயே கெடுத்துவிடுவோம். குளிரூட்டிய ஆய்வகத்தில் செயற்கை இழைச் சட்டையோடு உட்கார்ந்து வேலை செய்பவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ரேமின் இரு பக்கத் தாழ்களையும் விடுவித்து, ஓரங்களை மட்டும் பிடித்து நேராக மேலே எடுங்கள். பொன்னிற முனைகளில் கருமை படிந்திருந்தால் மென்மையான வெள்ளை அழிப்பானால் ஒரே திசையில் லேசாகத் தேய்த்து, துகள்களை ஊதாமல் தூரிகையால் தட்டிவிட வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படியும், ஆறு மாதத்தில் அதே கருமை திரும்பி வரும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைத்தால் இன்னும் நல்லது. திரும்பச் செருகும்போது முனைகளுக்கு இடையிலுள்ள வெட்டு துளையின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, இரு தாழ்களும் ‘க்ளிக்’ என்று பூட்டும் வரை இரண்டு கட்டைவிரல்களாலும் சமமாக அழுத்துங்கள். வெட்டு பொருந்தவில்லையென்றால் அது வேறு தலைமுறை ரேம். டிடிஆர்3 1.5 வோல்ட்டிலும் டிடிஆர்4 1.2 வோல்ட்டிலும் டிடிஆர்5 1.1 வோல்ட்டிலும் இயங்குகின்றன. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் திணித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வெட்டின் இடத்தையே மாற்றி வைத்திருக்கிறார்கள். கணினி ஓடத் தொடங்கிய பிறகும் அவ்வப்போது விண்டோஸ் நின்றுபோய் நீலப் பிழைத் திரை வந்தால், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை நம்ப வேண்டாம்.

விசிறியே சுற்றாதபோது எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க வேண்டும். 24 முனை இணைப்பியைப் பலகையிலிருந்து கழற்றி, பச்சைக் கம்பியையும் ஏதேனும் ஒரு கறுப்புக் கம்பியையும் சிறு துண்டுக் கம்பியால் இணைத்த பிறகு மின்சாரம் கொடுத்தால் எஸ்எம்பிஎஸ் தனியாக ஓடும். மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். சில நிறுவனக் கணினிகளில் 24 முனைக்குப் பதிலாக அவர்களுக்கே உரிய வேறு இணைப்பி இருக்கும், அங்கே இந்தச் சோதனையை முயல வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியின் நான்கு திருகுகளையும் கழற்றி உள்ளே பார்க்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கி 325 வோல்ட் வரை ஏறியிருக்கும், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் சிறிது நேரம் அது அப்படியே நிற்கும். ஒருமுறை பழுதான ஒன்றைக் குலுக்கிப் பார்த்தபோது காற்றுத்துளை வழியாகக் காய்ந்த பல்லி ஒன்று விழுந்தது. பல்லிக்கு அந்த வெதுவெதுப்பு பிடித்திருக்க வேண்டும். அதன் பிறகு பெட்டிகளின் பின்பக்கத்தில் விட்டுப்போன உலோகத் தகடுகளை எல்லாம் தேடி மூடினேன்.

தேதி 2010-க்கோ 2015-க்கோ போய்விட்டது, இணையதளங்கள் எல்லாம் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகின்றன என்ற புகாருக்கு மதர்போர்டிலுள்ள சிஆர்2032 நாணயப் பேட்டரியை மாற்றினால் போதும். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் அணைந்து கிடந்த ஆய்வகத்தை ஜூனில் திறக்கும்போது இப்படிப் பத்து கணினிகளாவது நிற்கும் என்பதால், முன்கூட்டியே ஓர் அட்டை நாணயப் பேட்டரி வாங்கி வையுங்கள்.

தூசு தட்டும்போது புளோயரை வைத்து விசிறியைப் பம்பரமாகச் சுழற்றி வேடிக்கை பார்ப்பவர்கள் உண்டு. விசிறியை விரலால் பிடித்துக்கொண்டுதான் காற்றடிக்க வேண்டும், இல்லையென்றால் அதன் பேரிங் தேயும்.

வட்டும் ஆய்வுத் தரவும்

கணினி போனால் வாங்கிக்கொள்ளலாம். நான்காண்டு ஆய்வின் அளவீடுகள் போனால் அந்த மாணவர் நான்காண்டு பின்னால் போய்விடுவார். எனவே வட்டு சம்பந்தப்பட்ட எந்தப் புகாரிலும் முதல் கேள்வி, “இதன் பிரதி வேறெங்காவது இருக்கிறதா?” என்பதுதான். பெரும்பாலும் கிடைக்கும் பதில் மௌனம்.

ஆய்வேடு சமர்ப்பிக்க மூன்று வாரம் இருக்கும்போது ஒரு மாணவி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “அண்ணா, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ஃபோல்டர் திறக்கவே பத்து நிமிஷம் ஆகுது. ரீஸ்டார்ட் பண்ணிப் பண்ணிப் பாத்தேன்.” எத்தனை முறை என்று கேட்டேன். இருபது முறையாவது இருக்கும் என்றார். சாகக் கிடக்கும் வட்டை இருபது முறை ஓடவைப்பது, மூச்சு வாங்குபவரை இருபது முறை மாடியேற்றுவதற்குச் சமம். அன்று மின்சாரத்தைத் துண்டித்து, வட்டைக் கழற்றி, லினக்ஸ் ஓடும் வேறொரு கணினியில் இணைத்து, டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளால் நகலெடுத்தேன். சாதாரண நகலெடுப்பு கெட்ட பகுதியில் முட்டிக்கொண்டு நிற்கும். இது முதலில் எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, சிக்கலானவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளும், எதுவரை வந்தது என்பதைத் தனிக் கோப்பொன்றில் குறித்துவைப்பதால் இடையில் நிறுத்தித் தொடரவும் முடியும். இரண்டு பகல் ஓர் இரவு ஓடியது. ஒருசில கோப்புகள் தவிர மற்றவை கிடைத்தன. கட்டளையில் மூல வட்டின் பெயரையும் சேரும் வட்டின் பெயரையும் மாற்றி எழுதிவிட்டால் வெற்று வட்டை நிறைந்த வட்டின் மீது எழுதி முடித்துவிடும். ஆகையால் ‘என்டர்’ அழுத்தும் முன் கொள்ளளவையும் வரிசை எண்ணையும் உரக்கப் படித்துச் சரிபார்க்கும் பழக்கம் எனக்கு இன்றும் உண்டு.

வட்டு சாவதற்கு முன் பெரும்பாலும் சொல்லிக்கொண்டுதான் போகிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் ஸ்மார்ட் அட்டவணையை (வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியலை) திறந்து மூன்று வரிகளைப் பாருங்கள்: 5-ஆம் எண்ணில் மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை, 197-இல் (அந்த மென்பொருளில் C5) ஐயத்துக்குரிய பகுதிகள், 198-இல் (C6) திருத்த முடியாதவை. இயல்பில் அந்த மென்பொருள் எண்களைப் பதினாறின் அடிமானத்தில் காட்டுவதால், 10 என்று இருந்தால் அது உண்மையில் 16. இந்த மூன்றில் எது பூச்சியத்திலிருந்து நகர்ந்தாலும் அந்த வாரத்திலேயே பிரதி எடுத்து வட்டை மாற்றுங்கள். எஸ்எஸ்டி இந்த அளவுக்குக்கூடச் சொல்லிக்கொள்ளாமல் திடீரென்று மறைந்துவிடக் கூடும். தொடக்கத்திலேயே மூன்று பிரதிகள், இருவேறு ஊடகங்கள், ஒன்று வேறு கட்டடத்தில் என்ற முறையை ஆய்வு மாணவர்களுக்குச் சேர்க்கையின்போதே சொல்லிவிடுவது நல்லது. ‘டக் டக்’ ஒலியெழுப்பும் வட்டை உறைபெட்டியில் வைத்தெடுத்தால் ஓடும் என்று சொல்பவர்கள் எல்லாத் துறையிலும் இருப்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள், உள்ளே ஈரம் உறைந்தால் தொழில்முறை மீட்பகத்தாலும் காப்பாற்ற முடியாது.

கருவிகளோடு பிணைந்த கணினிகள்

அறிவியல் துறையில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கணினியைப் பார்த்து அதிர்ச்சியடைய வேண்டாம். 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு அதற்கான ஆதரவு நின்றுவிட்டது. ஆனால் அதோடு பிணைந்திருக்கும் பல லட்ச ரூபாய்க் கருவி இன்னும் நன்றாக அளக்கிறது, அதன் மென்பொருளோ இடைமுக அட்டையோ புதிய விண்டோஸில் ஓடாது. இத்தகைய கணினியைப் ‘புதுப்பிக்க’ உற்சாகமாக முன்வருபவரிடமிருந்து காப்பதுதான் உங்கள் முதல் கடமை. இணைய இணைப்பைக் கழற்றிவிடுங்கள். தரவை எடுப்பதற்கென்று தனியாக ஒரு பென் டிரைவ் வைத்து, அது வேறு கணினியில் நச்சுநிரல் சோதனை முடித்த பிறகே உள்ளே வரவேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள். கணினி நல்ல நிலையில் இருக்கும்போதே வட்டின் முழு நகலை எடுத்து, அதை அதே வகை வட்டொன்றில் இறக்கி, அந்த நகலிலிருந்து கணினி ஓடுகிறது என்பதை ஒருமுறை நேரில் பார்த்த பிறகு பெட்டியில் பூட்டி வையுங்கள். ஓட்டிப் பார்க்காத நகல் நகலே அல்ல.

இவற்றில் பல, பழைய ஒன்பது முனைத் தொடர் இணைப்பு (சீரியல் போர்ட்) வழியாகக் கருவியோடு பேசுகின்றன. புதிய கணினிகளில் அது இல்லாததால் யூஎஸ்பி மாற்றி வாங்கலாம் என்று தோன்றும்; சில கருவிகள் அதை ஏற்கும், நேர ஒழுங்கில் கண்டிப்பான சில கருவிகள் ஏற்காது. வாங்கும் முன் இரவல் வாங்கிச் சோதியுங்கள். மென்பொருளின் உரிமப் பூட்டாக இருக்கும் சிறிய டாங்கிளைப் பென் டிரைவ் என்று நினைத்து யாரும் கழற்றிச் செல்லாதபடி பெட்டியின் பின்பக்கம் செருகி நாடாவால் கட்டிவிடுங்கள். பழைய மதர்போர்டு, அதே மாதிரி எஸ்எம்பிஎஸ், பிசிஐ துளை (பழைய வகை இடைமுக அட்டைகளைச் செருகும் இடம்) உள்ள கணினி ஏதேனும் கழிவுக்குப் போகிறதென்றால், முறைப்படி அனுமதி வாங்கி இந்தக் கருவிகளுக்கான உதிரிப்பாகமாக எடுத்துவையுங்கள்.

வலையமைப்பில் நீங்கள் செய்ய வேண்டியது குறைவு, பெரும்பகுதியைப் பல்கலைக்கழகக் கணினி மையம் பார்த்துக்கொள்ளும். செப்புக் கம்பி 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கட்டடத்துக்குக் கட்டடம் செப்புக் கம்பி இழுக்கவே கூடாது, வடகிழக்குப் பருவமழையின் ஒரே இடியில் இரு பக்க ஸ்விட்சுகளும் (வலையமைப்புக் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டிகளும்) போகும், அங்கே ஒளியிழைதான். கிரிம்பிங் செய்யும்போது (கேபிள் முனையில் இணைப்பியை அழுத்திப் பொருத்தும்போது) வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையை இரு முனையிலும் பின்பற்றுங்கள். ஒருமுறை துறை முழுவதும் இணையம் நின்று, எல்லா ஸ்விட்சின் விளக்குகளும் தீபாவளி போல ஒரே சீராகச் சிமிட்டிக்கொண்டிருந்தன. ஆய்வகத்தைக் கூட்டியவர் தரையில் கிடந்த கேபிளின் முனை அநாதையாகக் கிடக்கிறதே என்று, நல்ல எண்ணத்தோடு, அதே ஸ்விட்சின் காலித் துளையில் செருகிவிட்டார். மறுமுனையும் அதே ஸ்விட்சில் இருந்ததால் செய்திகள் முடிவில்லாமல் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இப்போது எல்லாக் கேபிளின் இரு முனையிலும் எண் ஒட்டியிருக்கிறேன்.

செய்முறைத் தேர்வு வாரம்

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஆய்வகத்தில் எந்தப் புதிய மென்பொருளையும் நிறுவ அனுமதிக்கக் கூடாது. ஒரு கணினியை எல்லா வகையிலும் சரிசெய்து, குளோன்ஜில்லா என்ற மென்பொருள் மூலம் அதன் வட்டின் முழு நகலை எடுத்து, மற்றவற்றில் இறக்குங்கள். தானியங்கிப் புதுப்பித்தலை அந்த வாரத்துக்கு ஒத்திவையுங்கள். ஒரு தொகுதியில் 30 மாணவர்கள் என்றால் 33 கணினிகளாவது தயாராக நிற்க வேண்டும். அத்தனையையும் ஒரே நேரத்தில் இயக்கி, மின்வழங்கலை நிறுத்தி, யூபிஎஸ் தாங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். அதை முதல்முறையாகச் சோதிப்பதற்கான நாள் தேர்வு நாள் அல்ல. விசைப்பலகைகளில் எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். சி மொழித் தேர்வில் அரைப்புள்ளி விசை வேலை செய்யாத கணினியில் உட்கார்ந்த மாணவரின் நிலையை நினைத்தால் இந்த அரை மணி நேரம் வீணாகத் தோன்றாது. தேர்வு நடக்கும்போது ஒரு கணினி நின்றால் அங்கேயே பழுதுபார்க்க முயலாமல், மேற்பார்வையாளரிடம் சொல்லி மாணவரை உடனே மாற்றுக் கணினிக்கு அனுப்பி, அவருடைய கோப்பு எங்கே சேமிக்கப்பட்டது என்று மட்டும் பாருங்கள்.

பதிவேடும் கழிவும்

எந்தக் கணினியைத் தொட்டாலும் அன்றே பதிவு செய்யுங்கள்: நாள், இருப்பு எண், புகார், கண்டது, செய்தது, மாற்றிய பாகம். மூன்று வரி போதும். ஒரே கணினி ஒரே புகாரோடு மூன்றாம் முறை வரும்போது அந்த மூன்று வரிகள்தான் காரணத்தைக் காட்டும். பராமரிப்பு ஒப்பந்ததாரர் “நாங்க போன மாசமே சரி பண்ணிட்டோமே” என்று சொல்லும்போதும் அவைதான் பேசும். உத்தரவாதத்தில் இருக்கும் கணினியை நீங்களே திறக்காமல் முதலில் புகார் எண் வாங்கிவிடுங்கள். ஒரு கணினியின் ரேமை எடுத்து இன்னொன்றில் போட்டால் இரண்டு எண்களுக்கும் எதிரே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் ஆண்டு இறுதி இருப்புச் சரிபார்ப்பில் ரேம் இல்லாத கணினி ஒன்று வெளிப்படும், அது திருட்டுக் கணக்கில் சேரும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், இப்போது பல துறைகளில் கழிவுக் கோப்புகள் குவிகின்றன. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி தேவை, இன்டெல் செயலியென்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. அதற்காக ஓடும் கணினியை எல்லாம் தூக்கி எறிய வேண்டியதில்லை. சுழலும் வட்டைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டி, ரேமை 8 ஜிபி ஆக்கி, லினக்ஸ் நிறுவினால் நிரலாக்க ஆய்வகத்துக்கு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். உண்மையிலேயே முடிந்தவற்றை மட்டும் கழிவுக் குழுவின் பார்வைக்கு வையுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி அவை பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும், எடைக்கு வாங்குபவரிடம் அல்ல.

லாரி வருவதற்கு முன் ஒவ்வொரு வட்டையும் தனியாகக் கழற்றி எண்ணிக்கொள்ளுங்கள். அலுவலகக் கணினியின் வட்டில் பழைய வினாத்தாள்களும் மதிப்பெண் பட்டியல்களும் ஆசிரியர்களின் வங்கி விவரங்களும் இருக்கும். ‘டெலிட்’ செய்ததாலோ ‘குயிக் ஃபார்மேட்’ செய்ததாலோ அவை போய்விடுவதில்லை. சுழலும் வட்டென்றால் முழுப் பரப்பையும் ஒருமுறை பூச்சியத்தால் மேலெழுத வேண்டும். எஸ்எஸ்டி உள்ளுக்குள் இடம் மாற்றி எழுதும் இயல்புடையது என்பதால் மேலெழுதுவது போதாது, அதற்கென்றுள்ள பாதுகாப்பு அழிப்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். ஓடாத வட்டைத் துளையிட்டு உடைத்து, வரிசை எண்ணை எழுதி, துறைத்தலைவரிடம் கையொப்பம் வாங்கிக் கோப்பில் சேருங்கள். பிறகு இருப்புப் பதிவேட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் கழிவு ஆணையின் எண்ணையும் நாளையும் குறித்துவிடுங்கள்.